திருச்சியிலிருந்து பலாலிக்கு: 184 கிலோமீட்டர், நான்கு வழிகள்

"தம்பி, போன்ல பார்த்தேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கும் யாழ்ப்பாணம் ஏர்போர்ட்டுக்கும் 184 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. நாம பாண்டிச்சேரி போற தூரம்தானே? காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாமில்ல?"

பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி. அண்ணியின் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம், யாழ்ப்பாணத்தில் கோப்பாயில். அண்ணியின் குடும்பம் போர்க்காலத்தில் திருச்சிக்கு வந்து, கருமண்டபத்தில் பல வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, பிறகு ஊர் திரும்பியது. நாங்கள் பதினோரு பேர் போக வேண்டும், ஒருவரைத் தவிர எல்லோரும் தஞ்சாவூரிலிருந்து. எழுபத்து நான்கு வயதுப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. பெரியப்பாவுக்குக் கடலைக் கண்டால் உற்சாகம். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் வண்டியில் ஏறினாலே வாந்தி எடுப்பார்கள். சீர் சாமான் வேறு தனியாக ஒரு மூட்டை. யார் எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். இரண்டு வாரம் இதிலேயே உட்கார்ந்தேன். எங்களுக்காகப் போட்ட கணக்கு டெல்டாவிலும் தெற்கிலும் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 184. யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் இடம்தான் பலாலி. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து, உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டினால் வரும் நீளம் அது. கடல் மைலில் சொன்னால் ஏறக்குறைய 99. கணக்கு சரிதான். வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: பாதித் தூரம் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலத்துக்கு மேலேயே போகிறது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கரையோரமாகக் கடலுக்குள் இறங்குகிறது கோடு. அதற்குப் பிறகு பாக்கு நீரிணை ஒரு 95 கிலோமீட்டர், அவ்வளவுதான். பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் இந்த விமானத்தைப் பிடிக்க மேற்கே நூறு கிலோமீட்டரை ஒட்டித் திருச்சிக்குப் போய், ஏறி, தன் ஊருக்கு மேலேயே திரும்பிப் பறந்து வர வேண்டும். வரைபடத்துத் தூரத்தை மட்டும் நம்பினால் இந்த நூறு கிலோமீட்டர் கணக்கிலேயே வராது.

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். தஞ்சாவூரிலிருந்து எங்களுக்குத் திருச்சி எவ்வளவு தூரமோ அவ்வளவு. இதைச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பறக்கும் நேரம் என்று எதைச் சொல்கிறார்கள்

இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற உந்துவிசிறி விமானம். நிதானமாகப் பறக்கும் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்கு. 184ஐ 500ஆல் வகுத்தால் 22 நிமிடம் வருகிறது. தூரம் காட்டும் தளங்கள் சில இந்த மாதிரியே வகுத்து அரை மணி நேரத்துக்குள் ஒரு எண்ணைத் தருகின்றன. விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தால் சுமார் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. இரண்டும் பொய் இல்லை, அளப்பதுதான் வேறு வேறு. அட்டவணை, விமானம் நின்ற இடத்திலிருந்து அசையத் தொடங்கும் நொடியிலிருந்து எதிர்முனையில் நிற்கும் நொடி வரை அளக்கிறது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வேகம் குறைத்து வரிசையில் வருவது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகவும் கொஞ்சம். ஏறி முடிக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

சென்னையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சென்னையிலிருந்து பலாலிக்கு 355 கிலோமீட்டர் அளவில் வரும். திருச்சித் தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேரம் இரண்டு மடங்கு ஆகிறதா என்றால் இல்லை, ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், தூரம் பாதியானாலும் வானத்தில் மிச்சமாவது கால் மணி நேரம்தான். மீதி மிச்சம் எல்லாம் தரையில் கிடைக்கிறது. அதனால் விமான நேரத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, தஞ்சாவூர் வீட்டு வாசலில் செருப்புப் போடும் நேரத்திலிருந்து கோப்பாய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம் வரை என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்போதுதான் திருச்சி விமானம், நாகைக் கப்பல், சென்னை, கொழும்பு என்ற நான்கு வழிகளும் தெளிவாகப் பிரிந்தன.

இரண்டு நாட்டுக் கடிகாரமும் இப்போது ஒன்றே. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் நேரத்தை மாற்றி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் இன்னும் "அங்க அரை மணி வித்தியாசம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் குழப்பம் இல்லை.

திருச்சி வழி

வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பெரியம்மாவை வைத்துக்கொண்டு அதைக் குறைக்க எனக்குத் துணிவில்லை. பறப்பது ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு நேரத்தில் இறங்குவது ஒரு சின்ன விமானத்துக் கூட்டம்தான், வரிசை நீளாது. அங்கிருந்து கோப்பாய்க்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவு, அரை மணி. ஆக மொத்தம் ஏழு மணி நேரத்துக்குள். 184 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரமா என்று முதலில் தோன்றும். மற்ற மூன்று வழிகளையும் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது.

பெரியம்மாவுக்கு இது சரி என்று நான் நினைத்ததற்கு நேரம் மட்டும் காரணமில்லை. ஏடிஆர் தரைக்குப் பக்கத்தில் நிற்கும் விமானம். பின்பக்கக் கதவுக்கு ஏறச் சில படிகள்தான், பெரிய ஜெட்டுக்கு ஏறுவதுபோல உயரமான ஏணி இல்லை. உள்ளே இரண்டு இரண்டு இருக்கை, நடுவில் மாட்டிக்கொள்ளும் மூன்றாவது இருக்கை கிடையாது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிட வேண்டும், அன்று காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இறக்கை மேலே இருப்பதால் சன்னலிலிருந்து கீழே தெளிவாகத் தெரியும். மழை நாளில் மட்டும் குலுக்கல் கொஞ்சம் கூடும். பெரிய ஜெட்டைப்போல மேகத்துக்கு மிக மேலே போவதில்லை இது.

ஏன் சின்ன விமானம்? பலாலியில் பயன்பாட்டில் இருக்கும் ஓடுபாதையின் நீளம் 1,400 மீட்டர் அளவில்தான். முழுச் சுமையோடு ஏடிஆர் கிளம்பவே 1,300 மீட்டர் சுமாருக்கு வேண்டும். ஏர்பஸ் 320 மாதிரி விமானத்துக்கு முழுச் சுமையில் 2,000 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ஆக இங்கே இறங்கக்கூடியதில் பெரியதே எழுபத்து சொச்சம் இருக்கை கொண்ட இந்த விமானம்தான். முடிவெடுக்கிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பதினோரு பேர் என்றால் அந்த விமானத்தில் ஏழில் ஒரு பங்கு நாங்களே. இருபத்தைந்து பேர் கொண்ட கல்யாணக் கூட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. கடைசி வாரத்தில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆவணி என்பதால் இன்னொரு நெருக்கடியும் உண்டு. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள் நடந்து ஆவணி அமாவாசையோடு நிறையும். கனடா, ஐரோப்பா எங்கிருந்தெல்லாமோ யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஊருக்கு வரும் நாட்கள் அவை. முகூர்த்தம் குறித்த அன்றே சீட்டு எடுத்துவிட வேண்டும் என்று அண்ணி சொன்னது இதனால்தான்.

பலாலியின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்ட தளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பிப் பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்க முடிந்திருக்கிறது. பிறகு வந்த போரில் எல்லாம் போயிற்று. தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம், சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்று திறந்தார்கள். அந்த நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பர் 12. இண்டிகோ 2024 செப்டம்பர் 1இல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. எங்களைப்போன்றவர்களுக்கு அந்த மார்ச் 30 பெரிய நாள். அண்ணி அன்று தொலைபேசியில் அழுதார்.

கப்பல் வழி

நான்கிலும் மனத்துக்கு நெருக்கமானது இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி 60 கடல் மைல், 110 கிலோமீட்டர் அளவு. நான்கு மணி நேரம். ஒருகாலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு வந்த ஏற்பாடு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு இராமேசுவரத்திலிருந்து 'இராமானுஜம்' கப்பல் ஓடியது, 1980களில் கலவரத்தோடு அதுவும் நின்றது. சுமார் நாற்பது வருடம் கழித்து, 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பல் நாகையிலிருந்து கிளம்பியது. மழைக்காலம் வந்துவிட்டதால் ஒரு வாரத்திலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது.

கணக்குக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகைக்கு 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கப்பல் காலையில் கிளம்புவதால் விடியலுக்கு முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டும். அதாவது இரவு இரண்டு, மூன்று மணிக்குத் தஞ்சாவூரை விடுவது, அல்லது முதல் நாளே நாகை போய்த் தங்குவது. துறைமுகச் சோதனைகளுக்கு இரண்டு மணி, கடலில் நான்கு, இறங்கிய பிறகு ஒன்று, கோப்பாய்க்கு அரை. எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்து மணி நேரம். விமானத்தைவிட மூன்று மணி நேரம்தான் கூடுதல். திருவாரூர், வேதாரண்யம், காரைக்கால், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும். நாகையிலேயே வீடு இருந்தால் கப்பலும் திருச்சி விமானமும் கிட்டத்தட்ட ஒரே நேரம் என்றே சொல்வேன், ஏனென்றால் அவர்கள் திருச்சிக்கு வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் கப்பலை முடிவு செய்ய நேரக் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் பாக்கு நீரிணையைப் புரட்டிவிடும். ஆழம் குறைந்த கடல் அது. காற்று அடித்தால் குட்டையான, நெருக்கமான அலைகள் எழும்பும், கப்பலை விடாமல் உலுக்கும். அந்த மாதங்களில் சேவையையே நிறுத்தி வைக்கிறார்கள். நிறுத்திய சேவை மீண்டும் தொடங்கத் தாமதமாகலாம் என்பதால் தை, மாசித் தொடக்கத்தில் முகூர்த்தம் வைத்திருப்பவர்களும் கப்பலை நம்பிப் பத்திரிகை அடிக்க வேண்டாம். சித்திரை, வைகாசி நல்ல காலம். ஆவணி பெரும்பாலும் ஓடும், ஆனாலும் காற்று எச்சரிக்கை வந்தால் அன்றைய பயணம் தள்ளிப்போகலாம். வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதுமில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து சேரும்படி சீட்டு எடுப்பது சரியில்லை, குறைந்தது மூன்று நாள் முன்னால் போய்விட வேண்டும்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான்கு மணி நேரம் நீளம். வாந்திக்கான மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குழந்தைகளுக்கு என்றால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, முன்முனையில் அதிகம்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நான் பார்த்த நாட்களில் கப்பலும் திருச்சி விமானமும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. விமானத்தின் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, கப்பலில் அந்த ஆட்டம் குறைவு. பத்து நாள் இருக்கும்போது கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கப்பல் மலிவாகத் தெரியும். இரண்டு மாதம் முன்னால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது. இரண்டிலும் சீட்டோடு எத்தனை கிலோ சாமான் என்பதை எடுக்கும்போதே பாருங்கள்.

சென்னை, கொழும்பு

சென்னை வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்னையில், செங்கல்பட்டில், பாண்டிச்சேரியில் இருப்பவர்களுக்கு அது முதல் வழி, அதில் விவாதம் இல்லை. எங்கள் கூட்டத்தில் சித்தப்பா மகன் வேளச்சேரியில் இருக்கிறான், அவன் அங்கிருந்துதான் ஏற வேண்டும். தஞ்சாவூரில் இருந்துகொண்டு சென்னை போய் ஏறுவது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியலில் தாம்பரத்தில் இறங்கலாம், அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான். பிறகு விமானம் கிளம்பும்வரை காத்திருப்பு. வாசலுக்கு வாசல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அதோடு வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டு, அதே அளவு தெற்கே திரும்பி வருகிறோம். திருச்சியில் இடமே இல்லை என்றால் மட்டும் இதை எடுங்கள்.

கொழும்பு வழி நாங்கள் முன்பு ஒருமுறை போனது. அண்ணன் கல்யாணம் முடிந்து முதல் தடவை சம்பந்தி வீட்டைப் பார்க்கப் போனபோது வேறு வழியே இல்லை. திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு 415 கிலோமீட்டர் சுமாருக்கு, விமானம் ஒரு மணி நேரத்தை ஒட்டி. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரையில் இன்னும் ஏழு, எட்டு மணி நேரம்: புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று தீவின் பாதியை வடக்கு நோக்கிக் கடக்க வேண்டும். நாங்கள் ஏறிய சொகுசுப் பேருந்து நள்ளிரவில் அநுராதபுரத்தைத் தாண்டி நின்றுவிட்டது. மாற்றுப் பேருந்து வர மூன்று மணி நேரம் ஆனது. பெரியம்மா சாலையோரத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வீடு விட்டு இருபது மணி நேரம் கழித்துத்தான் கோப்பாய் போய்ச் சேர்ந்தோம். அண்ணியின் அம்மா வாசலிலேயே நின்று, "எங்கட ஊர் இவ்வளவு கிட்ட இருந்தும் உங்களை இப்பிடிச் சுத்த வைக்குதே" என்றார். அந்தச் சொல் இன்னும் மனத்தில் நிற்கிறது.

ஆனாலும் கொழும்பு வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். கொழும்பிலோ கண்டியிலோ வேலை இருந்தால், கதிர்காமம் போக வேண்டுமென்றால், போகும்போது நேராகப் பலாலிக்குப் போய், திரும்பும்போது கொழும்பு வழியாக வரலாம். பகலில் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஏ9 சாலையில் போவது பார்க்க வேண்டிய பயணம்தான். போரில் நின்றுபோன வடக்கு ரயில் பாதை 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் வந்தது. ரயில் ஓடும் நாளா என்று பார்த்துக்கொண்டு அதிலும் வரலாம். கொழும்பின் பெரிய பலம் வேறு ஒன்று: அங்கே விமானங்கள் அதிகம். ஒன்று தவறினால் அன்றோ மறுநாளோ இன்னொன்று கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் பலாலிக்கும் நாகைக்கும் பலவீனம். இரண்டு தடத்திலும் நாளுக்கு ஒரு பயணம் என்ற அளவில்தான் நடக்கிறது, அதுவும் எல்லா நாளும் என்று சொல்ல முடியாது. அந்த ஒன்று ரத்தானால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும், கூட்டமான வாரமென்றால் இன்னும் கூட. அதனால் நான் ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாற்று வழியையும் எழுதி வைத்தேன். கப்பல் நின்றால் திருச்சி விமானம், திருச்சி நின்றால் சென்னை, அதுவும் இல்லையென்றால் கொழும்பு. கப்பலுக்கு மாற்றாக விமானத்தில் இடம் தேட நேரம் வேண்டும் என்பதால் கப்பலில் போகிறவர்கள் முதலில் கிளம்ப வேண்டும், விமானத்தில் போகிறவர்கள் பிறகு. யார் முதலில் கிளம்புவது என்ற சண்டை வீட்டில் நடந்துகொண்டிருந்தது, இந்தக் காரணத்தைச் சொன்னதும் ஓய்ந்தது.

சாமான் விஷயம்

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்துக்குள் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. எண்ணெய்ச் சத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று தடை செய்திருக்கிறார்கள். சீர்த்தட்டுக்கான கொப்பரையை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொன்னேன், யாழ்ப்பாணத்தில் தேங்காய்க்கு என்ன குறை? நகையை அதிகம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் கிளம்பும்போதே நம் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது அங்கே வாங்கிய நகையா என்ற கேள்வி எழாது. பெரியம்மா கொண்டுபோக வைத்திருந்த மல்லிகைப் பதியன், வெற்றிலைக் கொடி இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன். செடி எடுத்துப்போகத் தாவர நோய்த் தடுப்புச் சான்று வேண்டும். அதில் அவருக்கு வருத்தம்தான். இலங்கைக்குப் போவதற்கான மின்னணுப் பயண அனுமதியைக் குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது இருக்க வேண்டும். எங்கள் பதினோரு பேரில் பெரியப்பாவுக்கு ஐந்து மாதம்தான் மீதி இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் கண்டுபிடித்ததால் புதுப்பிக்க முடிந்தது.

எங்கள் பிரிவினை கடைசியில் இப்படி அமைந்தது. பெரியம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர், துணைக்குச் சித்தி: ஆறு பேர் திருச்சியிலிருந்து விமானத்தில், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால். பெரியப்பா, நான், சித்தப்பா, அவருடைய இளைய மகன்: நான்கு பேர் அதற்கும் மூன்று நாள் முன்னால் நாகையிலிருந்து கப்பலில், பித்தளைக் குத்துவிளக்கு இரண்டும் பாத்திரங்களும் எங்களோடு. வேளச்சேரித் தம்பி சென்னையிலிருந்து தனியாக. பெரியப்பாவை விமானத்தில் அனுப்பப் பெரியம்மா எவ்வளவோ பார்த்தார். அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "எங்கப்பா போட் மெயில்ல போனவரு. ஒரு தடவை நானும் கடல்மேல போயிட்டு வர்றேன்."

நேற்று இரவு அண்ணியின் அம்மா பேசினார். பெரியம்மா போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பலாலிக்கு வந்து இறங்கினால் அவர் வானோடை (வேனோடு) நிப்பார். கப்பலிலை வாறவைக்குக் காங்கேசன்துறையிலை மூத்தவன் நிப்பான். மத்தியானச் சாப்பாடு வீட்டிலைதான்."

பெரியம்மா என்னைப் பார்த்து, "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார்.